வானம் பார்த்த பீரங்கி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டின் வாசலில் ராக்காவலுக்கு இருக்கிறார் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். பக்கத்துத் திருவொற்றியூர்க்காரர். ராணுவத்தின் வான் பாதுகாப்புப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் இருந்தவர். மாலை ஆறு மணிக்கு டூட்டி ஏறுவார். கடைசி ட்ரெய்லர் எடை மேடையில் ஏறி இறங்கிப் போன பிறகுதான் பேச்சுக்கு நேரம் கிடைக்கும். அவர் சொன்னதும், அதைக் கேட்டுவிட்டு நான் தேடிப் படித்ததுமாக ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. அதிலிருந்து சில பக்கங்கள்.

●

முதல் பாடம் ஒரு காக்காயிடமிருந்து.

பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமிருந்து அது பறந்து வந்துகொண்டிருந்தது. "அத சுடணும்னா எங்க குறி வைப்ப, காட்டு தம்பி" என்றார். நான் காக்காயைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலைக் காக்காய்க்கு இரண்டு முழம் முன்னால், ஒன்றுமே இல்லாத வானத்தில் வைத்தார். "இப்ப இருக்கற எடத்துல சுட்டா, குண்டு போய்ச் சேரும்போது அது அங்க இருக்காது. அது வரப்போற எடத்துல சுடணும்."

விரலை அசைக்காமல் பிடித்திருந்தார். காக்காய் வந்து அந்த விரல் நுனியைக் கடந்து போய் மின்கம்பத்தில் உட்கார்ந்தது.

●

காக்காய்க்கு இரண்டு முழம் என்றால் விமானத்துக்கு எவ்வளவு? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 மீட்டர். உயரம் 6 கிலோமீட்டர். பிரிட்டிஷ் படையிலும் இந்தியப் படையிலும் அன்று இருந்த கனரக விமான எதிர்ப்புப் பீரங்கி 3.7 அங்குலப் பீரங்கி. அதன் குண்டு ஏறக்குறைய பன்னிரண்டரை கிலோ. அந்த உயரத்தை எட்ட அதற்குப் பத்து நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ராயபுரத்துக்கு மேலே பறப்பதை அடிக்க வண்ணாரப்பேட்டை வானத்தைக் குறி பார்க்க வேண்டும்.

உயரமும் தெரிந்தாக வேண்டும். குண்டின் மூக்கில் நேரம் வைக்கும் ஃப்யூஸ் ஒன்று இருக்கும். இத்தனை நொடியில் வெடி என்று அதைத் திருகி வைத்துவிட்டுத்தான் குழலில் ஏற்றுவார்கள். விமானத்தைத் தொட வேண்டியதில்லை, அருகே வெடித்துச் சில்லுகள் பட்டால் போதும். ஒரு நொடி பிசகினால் வெடிப்பு வெறும் புகைப்பூவாகப் போய்விடும்.

இதற்கெல்லாம் கணக்குச் சொல்ல 'பிரெடிக்டர்' என்று ஒரு பெட்டி. உள்ளே பல்சக்கரங்கள். சுற்றிலும் ஆட்கள் நின்று ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். உயரத்தைச் சொல்ல ஒருவர், திசையைப் பிடிக்க ஒருவர், ஏற்றத்தைப் பிடிக்க ஒருவர். விமானி நடுவழியில் லேசாக வளைந்தால் எல்லாருடைய உழைப்பும் வீண். மறுபடி முதலிலிருந்து.

●

'ரெஜிமென்ட்' என்றால் என்ன என்று கேட்டேன். அவர் தரையில் கிடந்த போல்ட், நட்டுகளை எடுத்து அடுக்கினார். ஒரு பீரங்கியும் அதன் ஆட்களும் சேர்ந்தால் டிட்டாச்மென்ட். சில பீரங்கிகள் சேர்ந்தால் ட்ரூப். சில ட்ரூப்கள் சேர்ந்தால் பேட்டரி. சில பேட்டரிகள் சேர்ந்தால் ரெஜிமென்ட். போல்ட்டுகள் குறைவாக இருந்ததால் ரெஜிமென்ட்டுக்குத் தன் டார்ச் லைட்டை வைத்தார்.

"எங்கள்ல எவனுக்கும் ரெஜிமென்ட் மொத்தமும் ஒரே எடத்துல நின்னு பார்த்த ஞாபகம் கம்மி" என்றார். காலாட்படை சேர்ந்து நடக்கும், சேர்ந்து பாயும். விமான எதிர்ப்பு ரெஜிமென்ட் சிதறித்தான் நிற்கும். ஒரு பேட்டரி விமானத்தளத்தில், ஒன்று பாலத்தில், ஒன்று எண்ணெய்க் கிடங்கில். எது முக்கியமோ அதைச் சுற்றி நாலா பக்கமும் பீரங்கியை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது அவர்கள் வேலை. தாங்கள் காப்பதை அவர்கள் அதிகம் பார்ப்பதே இல்லை.

●

பழைய சிக்னல்காரர்கள் வயர்லெஸ்ஸில் 'ஏ' என்ற எழுத்தை 'ஆக்' என்று சொல்வார்கள். விமான எதிர்ப்பு என்பதன் இங்கிலீஷ் முதலெழுத்துகள் இரண்டும் 'ஏ'. அதனால் இந்தப் பீரங்கிக்கு 'ஆக்-ஆக்' என்று பெயர் நிலைத்தது. கேட்பதற்குச் சுடும் சத்தம் போலவே இருக்கிறது.

●

சென்னைத் துறைமுகத்தின் மேல் விழுந்த பெயர்பெற்ற அடி வானத்திலிருந்து வரவில்லை. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியை ஒட்டி, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் கரைக்கு நெருங்கி வந்து நின்றது. ஊர் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. எம்டன் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்தது. ஆனால் அந்தப் பெயர் சாகவில்லை. "ஆள் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். கெட்டிக்காரன், கில்லாடி, பிடிக்குச் சிக்காதவன் எல்லாம் எம்டன்தான். உயர் நீதிமன்றச் சுவரருகே குண்டு விழுந்த இடத்தில் நினைவுக் கல்லும் உண்டு.

இந்த நோட்டை நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் இந்தச் சொல்தான். அரை மணி நேரம் ஊரை அடித்தவனுக்குத் தமிழில் ஒரு சொல் கிடைத்தது. அடுத்த போரில் வருடக்கணக்கில் ஊருக்காக வானத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை, ஒரு கல்லும் கிடைக்கவில்லை. இது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது.

●

ரங்கூன், 1941 டிசம்பர் 23. பட்டப்பகல். ஜப்பானிய விமானங்கள் வரிசையாக வந்தன. ஊர் ஜனங்கள் ஓடி ஒளியவில்லை, தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். விமானம் வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்த இந்தியர்கள் அவர்களில் பெருவாரி. தமிழர்களும் தெலுங்கர்களும் ஒடியர்களும். கிறிஸ்துமஸ் அன்று மறுபடி வந்தார்கள்.

நகரத்தைக் காக்கப் போதுமான பீரங்கிகள் அன்று ரங்கூனில் இல்லை. குண்டுகள் அழித்ததைவிடப் பெரிய சேதம் அதற்குப் பிறகு நடந்தது. துறைமுகக் கூலிகள் ஊரைவிட்டுப் போனார்கள். கப்பலில் சரக்கு இருக்கிறது, இறக்க ஆள் இல்லை. லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார்கள், வழியில் பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

துறைமுகம் என்பது கிரேனும் கல்லும் இல்லை, வேலைக்கு வரும் ஆட்கள்தான். பீரங்கி சுடுகிறது, நமக்கு ஒரு காவல் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் நாளைக் காலை ஷிஃப்டுக்கு ஆள் வருவான். ராயபுரத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

●

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு மீது சுமார் 125 ஜப்பானிய விமானங்கள். 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் தேதி திருகோணமலை. அங்கே ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டி ஒன்றின் மேலேயே போய் விழுந்தது. தீ அணைய நாள்கணக்கானது.

வரிசையைப் பார்த்த எவருக்கும் அடுத்தது சென்னை என்றுதான் தோன்றும். ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்கு மாறின. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலேற முடியாத கூட்டம். வந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களின் கதைகள் பல குடும்பங்களில் உண்டு. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து, சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிரி வருவதற்கு முன்பே நாம் சுட்ட குண்டுகள் அவை.

அந்த ஏப்ரலில் சென்னைக்கு ஜப்பானியர் வரவில்லை. அவர்களுடைய கப்பல்கள் கிழக்கே திரும்பின.

●

பிறகு வந்த மாதங்களில் துறைமுகத்தை ஒட்டிப் பீரங்கிகள் வானம் பார்த்து நின்றன. தேடுவிளக்குகள் இரவு வானத்தைத் துழாவின. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை போருக்குக் காக்கித் துணி நெய்தது. ஆலைச் சங்கு ஊதினால் ஷிஃப்டா, அபாயமா என்று முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வான் தாக்குதல் முன்னெச்சரிக்கை வேலை பார்த்த ஏ.ஆர்.பி. தொண்டர்கள் வீடு வீடாகப் போய் ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். சங்கு ஊதினால் வெளியே நிற்காதே என்றார்கள். ரங்கூனில் கற்ற பாடம் அது. மேலே போன நம் குண்டின் சில்லும் திரும்பி நம் தலையில்தானே விழும்.

1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து நகரத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. சேதம் சொற்பம். முழுப் போரிலும் சென்னை வாங்கிய வான்குண்டு அவ்வளவே. ஆனால் அந்த ஓர் இரவுக்கு முன்னும் பின்னும் எத்தனை இரவுகள்! அத்தனையிலும் ஆட்கள் விழித்திருந்தார்கள்.

●

'இருட்டடிப்பு'. போர்க்காலத்தில் விளக்கை மறைப்பதற்கும் இதே சொல். செய்தியை மறைப்பதற்கும் இதே சொல். விளக்கை மறைத்துக்கொண்டு நம்மைக் காத்தவர்களை நாம் இரண்டாவது வகையிலும் இருட்டில் விட்டுவிட்டோம்.

●

லண்டன், 1940 செப்டம்பர். ஜெர்மானிய விமானங்கள் இரவில் வந்து கொட்டிவிட்டுப் போயின, பீரங்கிகள் பெரும்பாலும் மௌனமாக இருந்தன. இருட்டில் இலக்கு தெரியாமல் சுட்டு என்ன பயன் என்று முதலில் நினைத்தார்கள். மக்கள் நொந்துபோனார்கள். நம்மைக் காக்க யாரும் இல்லையா என்ற கேள்வி குண்டைவிட மோசமாக ஊருக்குள் பரவியது. அப்போது விமான எதிர்ப்புப் படைத் தளபதி ஃபிரெடரிக் பைல் ஊர் முழுக்கப் பீரங்கிகளைக் கொண்டுவந்து குவித்து, 10-ஆம் தேதியை ஒட்டிய ஓர் இரவில் எல்லாரும் சுடுங்கள் என்றார். விமானம் விழுந்ததா என்று பார்த்தால் கணக்குக் கேவலம். ஒரு விமானத்தை வீழ்த்தப் பல ஆயிரம் குண்டுகள். ஆனால் காலையில் ஜனங்கள் முகம் தெளிந்திருந்தது. அந்தச் சத்தம் அவர்களுக்குத் துணையாக இருந்தது.

ராத்திரி தெருவில் கூர்க்கா தடியைத் தட்டிக்கொண்டு போவது திருடனைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை என்பது நமக்கும் தெரியும்.

நான்கு வருடத்தில் எல்லாம் மாறியது. ராடார் வந்தது. விமானம் அருகில் வந்ததும் தானே வெடிக்கும் ஃப்யூஸ் வந்தது. 1944 கோடையின் முடிவில், இங்கிலாந்தின் தென்கரையை நோக்கி வந்த வி-1 பறக்கும் குண்டுகளில் பெரும்பகுதியைப் பீரங்கிகளே வீழ்த்தின. அந்தப் பேட்டரிகளில் பிரெடிக்டரையும் ராடாரையும் இயக்கியவர்களில் பெண்கள் ஏராளம். பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரி அவர்களில் ஒருத்தி.

●

நம் நாட்டு வரலாறு, சுருக்கமாக. இந்தியாவில் விமான எதிர்ப்புப் பிரிவுகளை அமைக்கும் வேலை 1940-ல் சூடுபிடித்தது. அதற்கு முன்பே ஹாங்காங்-சிங்கப்பூர் ராயல் ஆர்ட்டிலரி என்று ஒரு படை இருந்தது. ஆட்கள் பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியரும் முஸ்லிம்களும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று விழும்வரை அவர்களுடைய பீரங்கிகளும் வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தன. அந்தப் போரில் சென்னை மாகாணத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ராணுவத்தில் சேர்ந்தார்கள். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தவர்களுக்குத் தொழில்நுட்பப் பிரிவுகளில் கிராக்கி.

1947-ல் பிரிவினை வந்தபோது ரெஜிமென்ட்களும் பங்கு போடப்பட்டன. கராச்சியில் இருந்த பயிற்சிப் பள்ளி அந்தப் பக்கம் நின்றது. இந்தியப் பிரிவு நாசிக் அருகே தேவளாலியில் அடுப்பை மூட்டியது. பின்னாளில் 1989-ல் ஒடிசாவின் கோபால்பூர் கடற்கரையில் தனிப் பள்ளி அமைந்தது. 1994 ஜனவரி 10 அன்று பீரங்கிப் படையிலிருந்து பிரிந்து வான் பாதுகாப்பு தனிப் படையானது. ஆகாயத்தில் எதிரிகளை அழி என்று பொருள்படும் சமஸ்கிருத வாசகம் அவர்களுடைய இலச்சினையில் இருக்கிறது.

ஹவில்தார் அண்ணனுக்குத் தேதிகளில் இஷ்டம் இல்லை. தன் ரெஜிமென்ட் பிறந்த நாளில் போட்ட பராகானா விருந்தைத்தான் விரிவாகச் சொன்னார். அதிகாரிகள் ஜவான்களுக்குப் பரிமாறினார்களாம். "மட்டன் அவ்ளோ சாப்ட்டு பார்த்ததே இல்ல தம்பி."

●

1949 அக்டோபர் 9. பிரதேசப் படையை, அதாவது டெரிடோரியல் ஆர்மியை, தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வாரம் முழுக்கத் தன் வேலையைப் பார்ப்பவர், ஓய்வு நாளில் சீருடை போட்டுப் பயிற்சி எடுப்பார். போர் வந்தால் அழைப்பு வரும். அந்தப் படையில் அன்று காலாட்படை மட்டும் இல்லை. வான் பாதுகாப்பு ரெஜிமென்ட்கள் இருந்தன, கடற்கரைப் பீரங்கி பேட்டரிகள் இருந்தன. தன் துறைமுகத்தையும் தன் ஊர் ஆலையையும் அந்த ஊர்க்காரனே பீரங்கி பிடித்துக் காக்கட்டும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1972 வாக்கில் அந்தப் பிரிவுகள் நிரந்தரப் படையோடு சேர்ந்தன அல்லது கலைக்கப்பட்டன.

●

போஃபர்ஸ். இந்தப் பெயரைச் சொன்னதும் தமிழ் வாசகனுக்கு 1980-களின் ஊழல் விவகாரம்தான் நினைவுக்கு வரும். அது தரைப்போருக்கான 155 மில்லிமீட்டர் பீரங்கி. அதே ஸ்வீடன் கம்பெனி அதற்கு அரை நூற்றாண்டு முன்பே செய்த 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி வேறு. இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பிலும் அதை வைத்துச் சுட்டார்கள். தாழப் பறந்து வரும் விமானத்துக்கு அது எமன். இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து கைச்சக்கரம் சுற்றுவார்கள். ஒருவர் குழலை இடம் வலமாகத் திருப்ப, ஒருவர் மேல் கீழாக ஏற்றி இறக்க. நிமிடத்துக்கு 120 குண்டுகள் வரை.

அதன் அடுத்த தலைமுறை எல்-70. 1960-களில் இந்தியாவுக்கு வந்தது. நிமிடத்துக்கு 300 வரை. ஹவில்தார் அண்ணன் பழகியது இதில்தான்.

●

அவர் செய்து காட்டியது. யார்டில் ஆங்கிள் துண்டுகள் நான்கைக் கம்பியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஏறக்குறைய பத்துக் கிலோ இருக்கும். அதைத் தூக்கி மார்போடு அணைத்தார். "தோட்டா நாலு நாலா கிளிப்புல இருக்கும். இவ்ளோ வெயிட்டு. கன்னு சுட்டுட்டே இருக்கும்போது மேலருந்து இப்படி எறக்கணும்." இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பி, இரண்டு கையையும் ஒன்றாக உயர்த்தி, இல்லாத பீரங்கியின் மேல் அதை இறக்கினார். உடனே கை பின்னால் போனது, இல்லாத ஆளிடமிருந்து அடுத்த கிளிப்பை வாங்க. திரும்பிப் பார்க்கவில்லை. "திரும்பிப் பார்த்தா ஒரு செகண்டு போச்சு. பின்னாடி கை நீட்டுனா அவன் குடுப்பான். குடுப்பான்னு தெரியும்."

அறுபதை நெருங்கும் வயது. மூச்சு வாங்கியது. ஆனால் அந்தக் கை பின்னால் போன நிச்சயம் இருக்கிறதே, அதற்கு வயது ஆகவில்லை. ஒரு ரெஜிமென்ட்டின் வரலாறு அந்தக் கைக்குள் இருக்கிறது. முன்னால் இருந்தவன் சொல்லிக் கொடுத்தான், அவனுக்கு அவன் முன்னால் இருந்தவன்.

கோபால்பூரில் கடலைப் பார்த்துச் சுடும் பயிற்சி. விமானம் ஒன்று நீண்ட கயிற்றில் துணி இலக்கை இழுத்துக்கொண்டு போகும். அதைச் சுட வேண்டும், விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது. துணியில் விழுந்த ஓட்டைகளை எண்ணி மார்க் போடுவார்கள். "எங்க டிட்டாச்மென்ட்டு ஒரு தடவ ஃபர்ஸ்ட்டு வந்துச்சு" என்று சொல்லும்போது குரல் பள்ளிப் பையன் குரலாகிவிட்டது.

●

சாத்தாங்காட்டில் நின்று மேற்கே பார்த்தால் மணலி. சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி நெருப்பு, வெள்ளித் தொட்டிகள், உரத் தொழிற்சாலை. வடக்கே எண்ணூர். ராணுவச் சுமை லாரிகளில் முக்கியமான ஸ்டாலியன் அசோக் லேலண்டுடையது. அந்தக் கம்பெனி முதல் ஆலையைக் கட்டியது எண்ணூரில்தான். கிழக்கே கடல். தெற்கே துறைமுகமும் ஜார்ஜ் டவுனும். அந்த ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து இரும்பு வியாபாரத்தைப் பெயர்த்துக்கொண்டுவரத்தான் இந்த மார்க்கெட்டையே கட்டினார்கள்.

1914-ல் எம்டன் தேடியது எண்ணெய்த் தொட்டி. 1942-ல் திருகோணமலையில் எரிந்ததும் எண்ணெய்த் தொட்டி. எதிரிப் படையின் வரைபடத்தில் முதலில் வட்டமிடப்படும் இடங்கள் நாங்கள் பால் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் தினமும் கடந்துபோகும் இடங்கள். 1971-ல் பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிச் சென்னைக் கடலுக்கு வந்துவிட்டுத்தான் விசாகப்பட்டினம் போய் முடிந்தது.

2025 மே 7 அன்று சென்னைத் துறைமுகத்தில் வான் தாக்குதல் ஒத்திகை நடந்தது. அதே வாரத்தில் மேற்கு எல்லையில் இரவெல்லாம் ட்ரோன்கள். அவற்றைச் சுட்டவற்றில் அந்த எல்-70-உம் உண்டு. புது ராடார், புதுக் கண்ணோடு, அதே 40 மில்லிமீட்டர் குழல். டிவியில் அதைப் பார்த்த ஹவில்தார் அண்ணன் எழுந்து நின்றுவிட்டாராம். "என் பேரப் பையன் கேக்கறான், இன்னா தாத்தா நின்னுட்டேன்னு. இன்னா சொல்றது?"

●

'வானம் பார்த்த பூமி' என்போம். ஏரியும் கிணறும் இல்லாமல் மழையை மட்டும் நம்பிய நிலம். அந்த உழவன் மேகம் வர வேண்டும் என்று அண்ணாந்து பார்க்கிறான். பீரங்கிக்காரன் எதுவும் வரக் கூடாது என்று அண்ணாந்து பார்க்கிறான். இரண்டு பேருக்கும் கழுத்து வலி ஒன்றுதான்.

●

"எதிரி விமானத்தச் சுட்டிருக்கீங்களா அண்ணே?" இந்தக் கேள்வியை நான் வெகுநாள் கேட்காமல் வைத்திருந்தேன்.

"ஒரு தடவகூட இல்ல தம்பி."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகள் குவிந்தபோது, வடக்கே ஒரு விமானத்தளத்தைச் சுற்றி அவருடைய பேட்டரி மாதக்கணக்கில் நின்றது. விடிவதற்கு முன்பே எல்லாரும் பீரங்கியில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். பனி. இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டும். "பக்கத்துல ஒரு ஸ்கூல் இருந்துச்சு. நாங்க கன்ன தொடச்சுட்டு இருக்கும்போது பெல் அடிக்கும். தெனம் அடிச்சுச்சு. பசங்க சத்தம் கேக்கும். ஒரு நாள் அடிக்கல. எல்லாருக்கும் திக்குனு ஆயிடுச்சு. அப்பறம் பார்த்தா ஞாயித்துக்கிழம."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் பேசாமல் இருந்தோம்.

●

போர்க்காலத்தில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் நாள்தோறும் குறிப்பேடு எழுதியாக வேண்டும். போர் நாட்குறிப்பு என்பார்கள். இன்ன தேதி, இன்ன இடம், இன்ன நிகழ்வு. நிகழ்வு ஒன்றும் இல்லாத நாளில் 'குறிப்பிட ஏதுமில்லை' என்று எழுதுவார்கள். வரலாற்று ஆசிரியன் அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, குண்டு விழுந்த பக்கத்தில் நிற்கிறான். நானும் அப்படித்தான் படித்து வந்தேன். இப்போது அந்த வெற்று வரிகளில் நிற்கத் தோன்றுகிறது. அந்த ஒரு வரியை எழுத எத்தனை பேர் எத்தனை மணி நேரம் கைச்சக்கரத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரி எழுதப்பட்ட இரவில்தான் ராயபுரத்தில் பிள்ளைகள் பிறந்தன, காசிமேட்டில் வலை கட்டினார்கள், திருவொற்றியூர் கோயிலில் காலை மணி அடித்தது.

●

நேற்றிரவு யார்டின் காவல் நோட்டைப் பார்த்தேன். ஹவில்தார் அண்ணனின் கையெழுத்து, சாய்ந்த எழுத்து. 10.00 ரவுண்டு, ஓகே. 12.00 ரவுண்டு, ஓகே. 2.00 ரவுண்டு, ஓகே. பக்கம் பக்கமாக, மாதம் மாதமாக அதே. வேறொரு நாளாக இருந்தால் புரட்டாமல் மூடியிருப்பேன்.

நாலு மணி ரவுண்டுக்கு நானும் கூடப் போனேன். காயில்களுக்கு நடுவே டார்ச் அடித்துக்கொண்டு நடந்தார். கடைசி முனையில் நின்று டார்ச்சை அணைத்துவிட்டு, பழக்கத்தில், ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தார். மணலி நெருப்பில் கிழக்கு மேற்குத் தெரியாத சிவப்பு. ஒரு விமானம் விளக்கு மினுக்கிக்கொண்டு மீனம்பாக்கம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய விரல் தானாக உயர்ந்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. விமானம் வந்து கடந்தது. கையை இறக்கினார்.

ஆறு மணிக்கு மாற்று ஆள் சைக்கிளில் வந்தார்.

"ஏதாச்சும் உண்டா அண்ணே?"

"ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு நோட்டை அவர் கையில் கொடுத்தார்.